மாற்றல் உத்தரவு எட்டாத நாற்காலி: டி.என்.சேஷனின் ஆறு ஆண்டுகள்

1993 ஆகஸ்ட் 2. டெல்லி அசோகா சாலையில் இருக்கும் தேர்தல் ஆணையத் தலைமையகமான நிர்வாசன் சதனிலிருந்து 17 பக்க உத்தரவு ஒன்று வெளியானது. சாரம் இரண்டே வரி. தேர்தல் பணிக்கு வரும் ஊழியர்கள் மீதும் பாதுகாப்புப் படை விஷயத்திலும் தேர்தல் ஆணையத்துக்கு உள்ள அதிகாரத்தை மத்திய அரசு ஒப்புக்கொள்ளும்வரை நாட்டில் எந்தத் தேர்தலும் நடக்காது. இடைத்தேர்தல், மாநிலங்களவைத் தேர்தல், சட்ட மேலவைத் தேர்தல், எதுவுமே. கீழே கையெழுத்து போட்டிருந்தவர் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன்.

எதிர்வினை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மேற்கு வங்கத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வாக வேண்டியிருந்த மத்திய அமைச்சர் பிரணாப் முகர்ஜி, தேர்தல் நடக்காததால் பதவியை விட்டு இறங்க நேர்ந்தது. முதல்வர் ஜோதிபாசு சேஷனை வெறிநாய் என்றே திட்டினார். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டை சட்டமன்ற இடைத்தேர்தலும் இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டது.

சேஷனைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அவருடைய வாய்த்துடுக்கைப் பற்றிப் பேசுவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரசியல்வாதிகளைச் சாப்பிடுகிறவர் என்று அவரே சொல்லிக்கொண்டதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. 35 ஆண்டு அரசு வேலை பார்த்த ஒரு மனிதர், தன் கடைசி ஆறு ஆண்டில், புதிதாக ஒரு சட்டம்கூட இல்லாமல், எதைப் பிடித்து இந்த இயந்திரத்தைத் திருப்பினார்? அந்தப் பிடி இப்போது யார் கையில் இருக்கிறது? இந்த ஆய்வு இதைப் பற்றியது.

பாலக்காட்டிலிருந்து அமைச்சரவைச் செயலர் வரை

திருநெல்லாய் நாராயண ஐயர் சேஷன் 1932 டிசம்பர் 15 அன்று பாலக்காட்டில் பிறந்தார். அன்றைக்கு அது மெட்ராஸ் மாகாணம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்து, அங்கேயே சில காலம் பாடமும் எடுத்தார். 1955ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அணி, ஒதுக்கப்பட்டது தமிழ்நாடு. திண்டுக்கல்லில் சார் ஆட்சியர், மதுரையில் ஆட்சியர், இடையில் மெட்ராஸில் போக்குவரத்துத் துறை இயக்குநர். 1968இல் ஹார்வர்டு போய்ப் பொது நிர்வாகம் படித்தார். திரும்பி வந்து அணுசக்தி ஆணையத்தில் செயலர், பிறகு விண்வெளித் துறை.

போக்குவரத்துத் துறைக் காலத்தைப் பற்றி ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதுண்டு. பஸ் இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாத நீங்கள் எங்கள் கஷ்டத்தை எப்படிப் புரிந்துகொள்வீர்கள் என்று ஓர் ஓட்டுநர் கேட்டாராம். சேஷன் பணிமனைக்குப் போய் இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு, பயணிகளோடு ஒரு பஸ்ஸையே ஓட்டிக்காட்டினாராம். கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்திருக்கிறதோ, நமக்குத் தெரியாது. ஆனால் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்கு இருந்தது என்பதைப் பின்னால் நடந்ததெல்லாம் காட்டியது.

1985இலிருந்து சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலர். தெஹ்ரி அணைக்கும் சர்தார் சரோவருக்கும் கோப்பில் ஆட்சேபம் எழுதினார், மேலிடம் கேட்கவில்லை. அப்புறம் பிரதமர் ராஜீவ் காந்தியின் பாதுகாப்பு, பாதுகாப்புத் துறைச் செயலர், 1989 மார்ச் இறுதியில் அமைச்சரவைச் செயலர். அதாவது ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஏறக்கூடிய கடைசிப் படி. அதில் ஒன்பது மாதம்தான் நின்றார். டிசம்பரில் வி.பி.சிங் ஆட்சிக்கு வந்ததும் திட்டக்குழு உறுப்பினராக ஒதுக்கிவைக்கப்பட்டார். நம்மூர் அலுவலகப் பேச்சில் சொன்னால், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்.

இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அதுவரை சேஷன் கலகக்காரர் இல்லை. கோபக்காரர், கறாரானவர், ஆனால் இடும் வேலையை முடித்துக்கொடுக்கும் அதிகாரி. ஆட்சி மாறினால் அதிகாரியின் நாற்காலி மாறும், ஒரு தாளில் ஒரு பத்தி போதும் என்பதைச் சொந்த அனுபவத்தில் பார்த்தவர். 1990 டிசம்பரில் சந்திரசேகர் அரசு அவரைத் தலைமைத் தேர்தல் ஆணையராக்கியபோது, காங்கிரஸுக்கு வேண்டியவர் என்ற முத்திரையோடுதான் வந்தார். எதிர்க்கட்சிகளின் சந்தேகத்தில் அன்றைக்கு நியாயம் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

பதவியேற்றது டிசம்பர் 12. அவருக்கு 58 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. மத்திய அரசு ஊழியர்களுக்கு அப்போது ஓய்வு வயது 58. வீட்டுக்குப் போக வேண்டிய வயதில் அவர் உட்கார்ந்த நாற்காலி மட்டும் வேறு ரகம். அரசியல் சாசனத்தின் 324(5) பிரிவுப்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே வழியில்தான், நாடாளுமன்ற இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவோடுதான் தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க முடியும். 35 ஆண்டு எந்த நேரமும் மாற்றப்படக்கூடியவராக இருந்தவர், ஒரே நாளில் யாராலும் மாற்ற முடியாதவர் ஆனார்.

கையில் இருந்த சாவிகள்

சேஷன் எந்தச் சட்டத்தையும் உருவாக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே எல்லாம் மேசை மேல் இருந்தது. தேர்தல்களின் மேற்பார்வை, நெறிப்படுத்தல், கட்டுப்பாடு ஆணையத்திடம் என்று 324ஆம் பிரிவு 1950இலேயே சொல்லிவிட்டது. சட்டம் வாய்திறக்காத இடங்களில் அந்தப் பிரிவே அதிகாரத்தின் ஊற்று என்று 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியிருந்தார். நடத்தை விதிகளுக்குக் கேரளத்தின் 1960 தேர்தலில் வித்து விழுந்தது. 1979இல் ஆளுங்கட்சிக்கான பகுதியும் அதில் சேர்ந்தது. வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டால் தேர்தலையே ரத்து செய்யலாம் என்ற 58ஏ பிரிவும், தேர்தல் வேலைக்கு வரும் அதிகாரிகள் அந்தக் காலம் முழுக்க ஆணையத்துக்குப் பணி மாற்றப்பட்டவர்களாகக் கருதப்படுவார்கள் என்ற 28ஏ பிரிவும் ராஜீவ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை.

சாவிகள் எல்லாம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. பூட்டில் போட்டுத் திருகிப் பார்க்கத்தான் ஆளில்லை.

1991 பொதுத் தேர்தலில் அவர் முதலில் திருகியது 58ஏ. பாட்னா, எட்டாவா போன்ற தொகுதிகளில் தேர்தல் செல்லாது என்று அறிவித்தார். பாட்னாவில் நின்றவர் பின்னாளில் பிரதமரான ஐ.கே.குஜ்ரால். அதே தேர்தலில்தான் மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மீதிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 12, 15 என்று தள்ளிவைக்கப்பட்டது. பஞ்சாபில் ஜூன் 22 அன்று நடக்க வேண்டிய தேர்தலை, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் நிறுத்தினார். தீவிரவாதிகள் வேட்பாளர்களையே சுட்டுக்கொண்டிருந்த மாநிலம் அது என்பது உண்மை. அத்தனை ஏற்பாடும் முடிந்தபின் கடைசி மணிநேரத்தில் நிறுத்தியதை எதிர்த்து ஆளுநர் மல்ஹோத்ரா பதவி விலகினார் என்பதும் உண்மை. 1992 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது நாலில் ஒருவர்கூட வந்து வாக்களிக்கவில்லை. சேஷனின் முடிவுகளில் எனக்கு இன்றும் ஒப்பாதது இதுதான்.

ஊழியர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

இப்போது ஆகஸ்ட் 2 உத்தரவுக்குத் திரும்புவோம். இந்த நிகழ்வின் மையமே அங்கேதான் இருக்கிறது.

தேர்தல் ஆணையத்துக்கு டெல்லியில் சில நூறு பேர் கொண்ட அலுவலகம் உண்டு. அவ்வளவுதான். தேர்தலை நடத்துவது ஆட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர். எல்லாரும் மாநில அரசின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். எதிரே உள்ளூர் பிரமுகர் பத்துப் பேரோடு வந்து நிற்கிறார். பேசாமல் வாக்குச்சீட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். மறுத்துப் புகார் எழுதினால், தேர்தல் முடிந்ததும் ஆணையம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடும். பிரமுகர் அங்கேயே இருப்பார், மாற்றல் உத்தரவும் வந்து சேரும். வாக்குப்பதிவு நாளில் ஒழுங்காக நடந்துகொள்ள அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

28ஏ பிரிவு இதற்குப் பதில் சொன்னது மாதிரி இருந்தது: தேர்தல் காலத்தில் நீங்கள் ஆணையத்தின் ஆள். சரி, ஆணையத்தின் ஆள் தப்பு செய்தால் தண்டிப்பது யார்? ஆணையம்தான் என்றார் சேஷன். பணிமாற்றம் வெறும் பெயரளவில்தான், ஒழுங்கு நடவடிக்கை எங்கள் கையில்தான் என்றது அரசு. துணை ராணுவப் படை எவ்வளவு, எங்கே என்பதிலும் இதே சண்டை. 324(6) பிரிவு ஆணையம் கேட்கும் ஊழியர்களைக் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் கொடுக்க வேண்டும் என்கிறது. படையும் இந்த ஊழியரில் அடங்குமா?

வெளியே இருந்து பார்த்தால் இது கோப்புச் சண்டை. ஆனால் 35 ஆண்டு கோப்புக்குள்ளேயே வாழ்ந்த ஒருவருக்கு, மற்ற எல்லாமும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது என்று தெரிந்திருந்தது. நடத்தை விதி, செலவு வரம்பு, பார்வையாளர் என்று எதைக் கொண்டுவந்தாலும் கீழே அதை நிறைவேற்றும் ஆள் யாருக்குப் பயப்படுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது நிற்கும். அதற்காக நாடு முழுக்கத் தேர்தலையே நிறுத்தியது சரியா என்றால், சரியில்லை. தேர்தல் நடத்தத்தான் ஆணையம். நடத்தாமல் இருப்பதைப் பேரம் பேசும் கருவியாக்குவதற்குச் சாசனத்தில் இடமில்லை. ஆனால் அந்த அதிர்ச்சி இல்லாமல் யாராவது இந்தக் கேள்வியைத் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்வு வர ஏழு ஆண்டு ஆனது. 2000 செப்டம்பரில் ஆணையமும் மத்திய அரசும் ஒப்புக்கொண்ட சமரசத்தை நீதிமன்றம் பதிவு செய்தது: கடமை தவறும் அதிகாரியை ஆணையம் பணியிடை நீக்கம் செய்யலாம், வேறு ஆளைப் போடலாம், ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம், அரசு ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். கேட்டதில் பாதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது சேஷன் பதவியில் இல்லை. இன்று தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஓர் ஆட்சியரோ காவல் கண்காணிப்பாளரோ ராத்திரியோடு ராத்திரியாக மாற்றப்பட்டார் என்று செய்தி படிக்கும்போது, பின்னால் இருப்பது இந்தச் சண்டைதான்.

மூவரான கதை

அரசுக்கு அவரை நீக்க முடியாது. ஆனால் 324(2) பிரிவு, வேறு ஆணையர்களையும் நியமிக்கலாம் என்கிறது. 1993 அக்டோபர் 1 அன்று எம்.எஸ்.கில், ஜி.வி.ஜி.கிருஷ்ணமூர்த்தி இருவரையும் தேர்தல் ஆணையர்களாக நியமித்து, மூவருக்கும் சம அந்தஸ்து, கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு என்று அவசரச் சட்டமும் வந்தது. மூவரில் இருவர் ஒரு பக்கம் நின்றால் சேஷன் வெறும் ஒரு வாக்கு. ஆளை மாற்ற முடியாவிட்டால் நாற்காலியை அகலமாக்கு: இதுவும் நல்ல கோப்பு அறிவுதான்.

புதிய யோசனையும் அல்ல. 1989 அக்டோபரில் பெரி சாஸ்திரி தலைமை ஆணையராக இருந்தபோது இருவரை நியமித்து, 1990 புத்தாண்டன்று அந்தப் பதவிகளையே ரத்து செய்திருந்தார்கள்.

சேஷன் வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை அவரே முழுப் பொறுப்பில் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தது. அடுத்த ஆண்டு வெளிநாடு போனபோது, இரண்டு ஆணையர்கள் இருக்க, அவர்களுக்குக் கீழே உள்ள துணைத் தேர்தல் ஆணையரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். நீதிமன்றம் தலையிட்டுக் கில்லிடம் ஒப்படைக்கச் சொன்னது. இதைச் சின்னத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். 1995 ஜூலை 14 அன்று தலைமை நீதிபதி அகமதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு மூவர் ஆணையம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தலைமை ஆணையரின் நடத்தையைப் பற்றியும் தீர்ப்பு நாசூக்காக இல்லாமல் நாலு வார்த்தை சொன்னது.

ஆக, இன்று நாம் பார்க்கும் மூன்று பேர் ஆணையம் சேஷன் விரும்பியது இல்லை. அவரைக் கட்டிப்போடச் செய்த ஏற்பாடு. அவருக்குப் பின் வந்த கில்லே தலைமை ஆணையராகி, அந்த ஏற்பாட்டோடே வேலையை ஓட்டினார்.

தெருவில் தெரிந்தது

அரசியல் சாசனப் பிரிவுகளெல்லாம் சாதாரண வாக்காளருக்கு எங்கே தெரியப்போகிறது? அவருக்குத் தெரிந்தது சுவர். அதற்கு முன் தேர்தல் வந்தால் வீட்டுக்காரரிடம் யாரும் கேட்கமாட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் வெள்ளையடித்து, ஓரத்தில் எந்தக் கட்சிக்கு என்று முன்பதிவும் எழுதியிருக்கும். 1996இல் சுவர்கள் பெரும்பாலும் சும்மா இருந்தன. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி அடங்கியது. வண்டிகளுக்குக் கணக்கு, வீடியோ எடுக்க ஆள், வெளிமாநிலத்திலிருந்து வந்து இறங்கும் பார்வையாளர். தேர்தல் களையே போய்விட்டது என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அப்புறம் அந்த அட்டை. புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் 1995 ஜனவரிக்குப் பிறகு தேர்தலே இல்லை என்று மிரட்டினார். அட்டை இல்லை என்பதற்காக வாக்குரிமையைத் தடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்டை மட்டும் வந்தது. கறுப்பு வெள்ளையில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத முகம், தப்பான தகப்பன் பெயர். ஆனாலும் ஒரு தலைமுறைக்கு அரசு கொடுத்த முதல் புகைப்படச் சான்று அதுதான்.

செலவுக் கணக்கு விஷயம் இன்னும் வேடிக்கை. மக்களவை வேட்பாளருக்கு அப்போதைய வரம்பு 1.5 லட்சம் ரூபாய். 1994இல்தான் பெரிய மாநிலங்களில் 4.5 லட்சம் ஆனது. கணக்கே கொடுக்காதவர்களை 10ஏ பிரிவின்படி மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்யலாம் என்பதைப் பெரிய அளவில் அமல்படுத்திக் காட்டினார். ஆனால் கட்சி செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே பெரிய ஓட்டை இருந்தது. சட்டத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லாததால் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

ஆளுநரையும் விடவில்லை. 1993இல் இமாச்சல ஆளுநர் குல்ஷேர் அகமது, மத்தியப் பிரதேசத்தில் வேட்பாளராக நின்ற மகனுக்காகச் சத்னா பகுதியில் பிரசாரம் செய்தார் என்று தெரிந்ததும் அங்கே தேர்தல் நிறுத்தப்பட்டது. ஆளுநர் பதவி விலகினார்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 1995 பீகார். தேதியைப் பலமுறை தள்ளி, மத்தியப் படைகளைக் கொண்டுபோய் நிறுத்தி, தவணை தவணையாக நடத்தினார். லாலு பிரசாத் ஒவ்வொரு கூட்டத்திலும் சேஷனைக் கிண்டலடித்தே ஓட்டு கேட்டார். வாக்குச்சாவடியைக் கைப்பற்றித்தான் லாலு ஜெயிக்கிறார், அதைத் தடுத்தால் தோற்பார் என்று டெல்லியில் பலர் கணக்குப் போட்டிருந்தார்கள். காவல் போட்டதும், அதுவரை சாவடிப் பக்கம் வரவிடாமல் விரட்டப்பட்ட ஏழைகள் வரிசையில் நின்றார்கள். ஜனதா தளம் 167 இடம் பிடித்தது. அன்றைய பீகார் சட்டமன்றத்தில் மொத்தம் 324 இடம். சாசனப் பிரிவின் எண்ணும் அதுவே என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1996இல் அவருடைய கடைசிப் பொதுத் தேர்தல். நம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்புமனு போட்டு நின்றதும், வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடித்ததும் அப்போதுதான். குறைகளைக் கேட்க யாருமில்லை என்று விவசாயிகள் காட்டிய எதிர்ப்பு அது. அந்த ஆண்டே சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஆணையத்தின் கறாரும் படையும் இதற்கு எந்த வகையிலும் உதவவில்லை.

பிடி இப்போது எங்கே

தேர்தலை நிறுத்துவது என்ற கருவியைத் தமிழ்நாடு நன்றாகவே பார்த்துவிட்டது. 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. நான்குமே பணப் பட்டுவாடா புகாரில் ரத்தானவை. சேஷன் காலத்தில் துப்பாக்கியோடு வந்தவனைத் தடுக்க எடுத்த ஆயுதம், கவரோடு வருகிறவனிடம் அவ்வளவாகச் செல்லவில்லை. நான்கு இடங்களிலும் மறுபடி நடந்த தேர்தலில் ஜெயித்தவர்கள், ரத்தான தேர்தலிலும் நின்றவர்களே.

நியமனம் என்ற முதல் முடிச்சுக்கு வருவோம். சேஷனை நியமித்தது அன்றைய அரசு மட்டுமே; யாரையும் கேட்கத் தேவையில்லை. 2022 நவம்பரில் இந்த நியமன முறை குறித்த வழக்கில், சேஷன் மாதிரி ஒருவர் எப்போதாவதுதான் வருவார் என்ற பொருளில் உச்ச நீதிமன்ற அமர்வு பேசியது. 2023 மார்ச்சில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி கொண்ட குழு தேர்வு செய்யட்டும் என்று தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, தலைமை நீதிபதி இருந்த இடத்தில் பிரதமர் நியமிக்கும் ஒரு மத்திய அமைச்சரை வைத்தது. மூவரில் இருவர் அரசுப் பக்கம். 1993இல் ஆணையத்துக்குள் போட்ட அதே கணக்கு இப்போது தேர்வுக் குழுவுக்குள்.

சேஷன் 1996 டிசம்பர் 11 அன்று ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு மகசேசே விருது கிடைத்திருந்தது. 1997இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் கே.ஆர்.நாராயணனை எதிர்த்து நின்று படுதோல்வி. அரசு ஊழியராகவே பழகிய ஒருவர் ஓட்டு கேட்கத் தெரியாமல் தடுமாறியதை நாடே பார்த்தது. பிறகு 1999இல், முத்திரை குத்தப்பட்ட அதே காங்கிரஸ் கட்சியின் வேட்பாளராகக் காந்திநகரில் எல்.கே.அத்வானிக்கு எதிராக நின்றார், ஏறத்தாழ 1.9 லட்சம் வாக்கில் தோற்றார். முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் ஒவ்வொருவரும் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 78ஆம் பிரிவு. இந்த முறை அந்த வரிசையில் அவரும் ஒருவர்.